யாருன்னு கேட்டா எந்திரிப்போம்

ஜூன் 2, செவ்வாய்

லில்லி மிஸ் இந்த நோட்டைக் குடுத்து, "தினம் எழுது தமயந்தி, ஒரு வரியாவது எழுது, நான் படிக்க மாட்டேன்"ன்னாங்க. படிக்க மாட்டேன்னு சொல்றவங்கதான் முதல்ல படிப்பாங்க. மிஸ், படிச்சீங்கன்னா வணக்கம்.

நேத்து எனக்குப் பதினெட்டு முடிஞ்சது. எனக்கு மட்டுமில்ல, ஞானசுந்தரிக்கும்தான். பிறந்த தேதி தெரியாத புள்ளைங்க எல்லாருக்கும் எங்க ஹோம்ல ஜூன் ஒண்ணுதான் பிறந்தநாள். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், எழுதுறவங்களுக்குச் சௌகரியம். மொத்தமா ஒரே கேக்கு. நாலு வயசுல போனதுல இருந்து நானும் ஞானமும் அந்த ஒரு கேக்கைத்தான் வெட்டினோம். நேத்து வெட்டின கையோட பெட்டியைத் தூக்கிக்கிட்டு மதுரைக்கு பஸ் ஏறிட்டோம். பதினெட்டு முடிஞ்சா ஹோம்ல இருக்கக் கூடாதுன்னு சட்டம்.

இப்ப இருக்கிறது செல்லூர்ல ஒரு மாடி வீடு. ஹோமை விட்டு வந்த பொம்பளைப் புள்ளைங்க இருபத்தொரு வயசு வரைக்கும் தங்கிக்கலாம்னு லில்லி மிஸ்ஸோட டிரஸ்ட் எடுத்திருக்கு. ஆனா ஒரு கண்டிஷன். செப்டம்பர் பத்தாம் தேதிக்குள்ள ஒரு வேலையில நிரந்தரம்னு லெட்டர் வாங்கிக் காட்டணும். இல்லன்னா இடம் அடுத்த புள்ளைக்கு. வரிசையில நிறைய பேரு நிக்கிறாங்களாம்.

"இடம் போச்சுன்னா நான் எங்க மிஸ் போறது?"ன்னு கேட்டேன்.

"அந்தக் கேள்வியே வராம பாத்துக்கலாம்"ன்னாங்க. அப்ப பதில் இல்லைன்னு அர்த்தம்.

எப்படியோ, மணிச் சத்தம் இல்ல, வார்டன் அம்மா இல்ல, சுத்தி நாப்பத்திரண்டு பேரு இல்ல. நிம்மதி.

ஜூன் 3, புதன்

அஞ்சு மணிக்கே முழிப்பு வந்துருச்சு. யாரும் மணி அடிக்கல.

ஜூன் 4, வியாழன்

நான் நல்லா சமைப்பேன்னு ஊரெல்லாம் பேரு. ஹோம்ல சமையல்கட்டு முறை வந்தா என்னையத்தான் தேடுவாங்க. நாப்பது பேருக்கு சாம்பார் வைக்கச் சொல்லுங்க, கண்ணை மூடிக்கிட்டு வைப்பேன். ரெண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போடணும்? யாருக்குத் தெரியும். கை தானா அள்ளுது. மத்தியானம் வடிச்ச சோத்தை ராத்திரியும் தின்னு, நாளைக்குக் காலையில பழையதாவும் திங்கணும். ஞானம் தட்டைப் பாத்துட்டு, "மிச்ச புள்ளைங்க எப்படி வருவாங்க, பஸ்லயா?"ன்னு கேக்குறா. வாயாடி.

ஜூன் 8, திங்கள்

வேலைக்குச் சேந்தாச்சு. லாட்ஜுக, ஆஸ்பத்திரிக அனுப்புற பெட்ஷீட்டு, தலையணை உறை, துண்டு எல்லாம் வெளுத்துக் குடுக்கிற பெரிய சலவைக் கம்பெனி. வண்டியில அழுக்கு மூட்டை வந்து இறங்கும். ஒரு மேசையில வெள்ளை தனியா கலர் தனியா பிரிப்பாங்க. அப்புறம் மெஷின். அப்புறம் ஈரத் துணியை ஒரு பெரிய சூட்டு உருளைக்குள்ள விட்டா அந்தப் பக்கம் காஞ்சு, சுருக்கமில்லாம வரும். அப்புறம் நாங்க பதினாலு பொம்பளைங்க தரையில உக்காந்து மடிக்கிறது.

சூப்பர்வைசர் பேரு பாண்டியம்மா. ஐம்பது வயசிருக்கும், குரல் மட்டும் ரெண்டு ஆளு குரல். என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, "எந்த ஊரு தாயி, அப்பா என்ன பண்றாரு?"ன்னாங்க. ஹோம்னு சொன்னேன். அப்புறம், "சரி, மூலை மடிக்கத் தெரியுமா?"ன்னு மட்டும் கேட்டாங்க. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு.

மூணு மாசம் பாப்பாங்களாம். ஒழுங்கா இருந்தா செப்டம்பர் ஏழாம் தேதி லெட்டர். விரல் விட்டுப் பாத்தேன், மிஸ் சொன்ன தேதிக்கு மூணே நாள் முன்னாடி. ஒரு தப்புக்கும் இடமில்ல.

ஜூன் 14, ஞாயிறு

லீவு. துணி துவைச்சேன். ஞானம் மொபைல் கடையில வேலைக்குப் போயிட்டா, அவளுக்கு ஞாயித்துக்கிழமையும் உண்டு.

தலை அரிச்சுது. பேன் இல்ல, பாத்துட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமை பத்து மணின்னா தலை அரிக்கும் போல. ஹோம்ல அந்த நேரம் பேன் ரயில். வேப்ப மரத்தடியில பெரியவ முதல்ல உக்காருவா, அவளுக்கு முன்னாடி ஒருத்தி, அவளுக்கு முன்னாடி ஒருத்தி. பன்னெண்டு பதிமூணு பேரு வரிசையா உக்காந்து, ஒவ்வொருத்தியும் முன்னாடி இருக்கிறவ தலையைப் பாக்கணும். கடைசிப் பெட்டி எப்பவும் மீனு. அவளுக்கு ஆறு வயசு, பாக்கிறதுக்குத் தலை கிடைக்காதுன்னு ஒரு பொம்மையை மடியில வச்சுக்கிட்டு அதுக்குப் பேன் பாப்பா. எஞ்சின் நான்தான், ரெண்டு வருஷமா. எனக்குப் பின்னாடி யாரும் இல்லாததால என் தலையை யாரும் பாக்க மாட்டாங்க. வார்டன் அம்மா வெத்தலையை மென்னுக்கிட்டே வந்து ஒரு இழு இழுத்து எண்ணெய் தேய்ச்சுவிட்டுப் போவாங்க. வலி உயிரு போகும்.

அதெல்லாம் ஒண்ணும் ஞாபகம் வரல. சும்மா தலை அரிச்சுதுன்னு எழுத வந்தேன்.

ஜூன் 23, செவ்வாய்

இன்னைக்கு எல்லாரும் என்னைய வச்சு சிரிச்சாங்க. பாத்ரூம் போகணும்னு பாண்டியம்மாக்கா முன்னாடி போய் கையைத் தூக்கிக்கிட்டு நின்னேன். பதினஞ்சு நாளா இப்படித்தான் நிக்கிறேனாம். "போகணும்னா போ தாயி, இதுக்கெல்லாம் யாரு உத்தரவு கேப்பா?"ன்னாங்க. வெளிய யாரும் கேக்க மாட்டாங்களாம். எனக்கு எப்படித் தெரியும்.

பக்கத்துல உக்காந்து மடிக்கிற வேணி மட்டும் சிரிக்கல. அவளுக்கு இருபத்தஞ்சு வயசு, மூணு வயசுல ஒரு பையன். புருஷன் விட்டுட்டுப் போயிட்டான், அம்மா வீட்டுல இருக்கா. "நீ கேட்டுட்டே போடி, உனக்கு எது தைரியமோ அதைப் பண்ணு"ன்னா. வேணியை எனக்குப் பிடிக்கும்.

ஜூலை 9, வியாழன்

மத்தியானம் சாப்பிடும்போது வேணி கேட்டா, ஹோம்ல அடிப்பாங்களான்னு. வெளிய எல்லாரும் இதைத்தான் முதல்ல கேக்குறாங்க. அடிக்க மாட்டாங்கன்னு சொன்னேன். அடிக்க முடியாது, எங்ககிட்ட ஒரு வழி இருந்துச்சு.

நான் போன புதுசுல ஒரு நாள் காலையில ஒரு சின்னப் புள்ள பாயை நனைச்சுட்டு, பக்கத்துப் புள்ள பாயோட மாத்திப் போட்டுருச்சு. அப்ப இருந்த வார்டன் ரொம்பக் கண்டிப்பு. எல்லாரையும் உக்கார வச்சு, "யாரு? எந்திரி"ன்னுச்சு. அந்தப் புள்ள எந்திரிக்கல, நடுங்கிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அப்ப பத்தாவது படிச்ச புஷ்பலீலா அக்கா எந்திரிச்சு நின்னாங்க. பத்தாவது படிக்கிற பொண்ணு பாயை நனைக்குமா? வார்டனுக்குக் குழப்பம். அதுக்குள்ள அவங்க கூட்டாளி ஒருத்தி எந்திரிச்சா. அப்புறம் ஒருத்தி. அஞ்சு நிமிஷத்துல மொத்த ஹாலும் நின்னுக்கிட்டு இருக்கு. எத்தனை பேரைத் தண்டிக்கும்? எல்லாருக்கும் பத்து தோப்புக்கரணம், அதோட சரி. அன்னைல இருந்து அதுதான் வழக்கம். வார்டன் மாறினாங்க, புள்ளைங்க மாறினாங்க, வழக்கம் மாறல. யாருன்னு கேட்டா எல்லாரும் எந்திரிப்போம். புதுசா வர்ற புள்ளைக்குச் சோத்துத் தட்டு எங்க இருக்குன்னு காட்டுறதுக்கு முன்னாடி இதைச் சொல்லிக் குடுத்துருவோம்.

வேணி கேட்டுட்டு, "நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுல நான் ஒருத்திதான் நிப்பேன்"ன்னா.

ஜூலை 26, ஞாயிறு

ரெண்டு பேருக்கு ஒரு டம்ளர் அரிசி. கண்டுபிடிச்சாச்சு. கொஞ்சமா இருக்கு பானையில, பாக்கவே ஒரு மாதிரி இருக்கு.

ஆகஸ்ட் 12, புதன்

இன்னைக்கு எழுத்து கோணல் மாணலாத்தான் வரும்.

காலையில இருந்து நான் உருளை மெஷின்ல நின்னேன். பதினொண்ணரைக்கு சலவை மெஷினைப் பாக்கிற காசிராஜன் அண்ணன் கதவைத் திறந்தாரு, எண்பது பெட்ஷீட்டும் ரோஸ் கலர்ல வந்து விழுந்துச்சு. நடுவுல ஒரு சிவப்பு மேசைத்துணி. பெரிய லாட்ஜோட புது வெள்ளை பெட்ஷீட்டு, போன வாரம்தான் வாங்கினதாம். ரெண்டு தடவை வெளுத்துப் பாத்தாரு, போகல.

நாங்க வட்டமா உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். மேனேஜர் இறங்கி வந்தாரு. ரோஸ் பெட்ஷீட்டு ஒண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டு, "வெள்ளையில சிவப்பைக் கலந்தது யாரு?"ன்னாரு.

நான் எந்திரிச்சுட்டேன்.

யோசிக்கவே இல்ல. யாருன்னு கேட்டாரு, கால் எந்திரிச்சிருச்சு. கையில தயிர்ச்சோறு. நின்னுக்கிட்டு மத்தவங்க எந்திரிக்கட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கேன். ஒருத்தரும் அசையல. பாண்டியம்மாக்கா என்னையவே பாத்தாங்க. வேணி டிபன் பாக்ஸைப் பாத்தா. அப்பத்தான் எனக்கு உறைச்சுது, இது ஹோம் இல்லைன்னு. அதுக்குள்ள மேனேஜர், "நீயா? சேந்து மூணு மாசம் ஆகல"ன்னாரு. நான் உக்காராம நின்னுக்கிட்டே இருந்தேன். "வீட்டுக்குப் போ. திங்கக்கிழமை வா, உன்னைய வச்சுக்கிறதா வேணாமான்னு சொல்றேன்."

யாரு கலந்தாங்கன்னு எனக்குத் தெரியாது. காலையில பிரிக்கிற மேசையில வேணி இருந்தா. அவ பையனுக்குக் காய்ச்சல்னு ரெண்டு நாளா தூங்கலைன்னு சொன்னா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 13, வியாழன்

லில்லி மிஸ் வந்தாங்க. கம்பெனியில இருந்து போன் போயிருக்கு. செருப்பைக்கூட கழட்டல, வாசல்லயே கேட்டாங்க.

"நீ பண்ணியா?"

"இல்ல மிஸ்."

"அப்ப ஏன்டி எந்திரிச்ச?"

"யாருன்னு கேட்டாரு."

மிஸ் தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. பத்து வருஷமா எங்களை மாதிரிப் புள்ளைங்களைப் பாத்தவங்க. சாவியை உள்ள வச்சுப் பூட்டிட்டு நின்ன புள்ளையைப் பாத்திருக்காங்க, ரோடு கடக்கத் தெரியாம நின்ன புள்ளையைப் பாத்திருக்காங்க. இது புதுசாம். "இங்க எந்திரிச்சா பண்ணினேன்னு அர்த்தம் தமயந்தி. கூட யாரும் நிக்க மாட்டாங்க. திங்கக்கிழமை போய் நான் இல்லைன்னு சொல்லு. வேலை போச்சுன்னா என்னால இந்த இடத்தைப் பிடிச்சு வைக்க முடியாது, எனக்கும் மேல ஆள் இருக்கு"ன்னாங்க.

நான் இல்லைன்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன? அப்ப யாருன்னுதானே. மாட்டேன்னு சொல்லிட்டேன். மிஸ் கோவமா போயிட்டாங்க.

அவங்ககிட்ட சொல்லாத ஒண்ணு இங்க எழுதுறேன். பாயை நனைச்ச சின்னப் புள்ள நான்தான். புஷ்பலீலா அக்கா எனக்காகத்தான் எந்திரிச்சாங்க. இப்ப எங்க இருக்காங்களோ. நான் இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

ஆகஸ்ட் 14, வெள்ளி

வேணி போன் பண்ணினா, ரெண்டு தடவை. எடுத்தா பேசல. பின்னாடி பையன் இருமுற சத்தம் கேட்டுச்சு.

ஆகஸ்ட் 15, சனி

ஹோமுக்குப் போனேன். சுதந்திர தினத்துக்கு பழைய புள்ளைங்க வரலாம், கொடி ஏத்தினதும் சாப்பாடு உண்டு. ஞானத்துக்கு லீவு கிடைக்கல. உண்மையைச் சொன்னா வார்டன் அம்மாகிட்ட, கொஞ்ச நாள் சமையல்கட்டுல ஒரு மூலையில படுத்துக்கிறேன், வேலை செய்றேன்னு கேக்கத்தான் போனேன்.

கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் கொழுக்கட்டை மாதிரி நாலஞ்சு உருப்படி வந்து இடுப்பைக் கட்டிக்கிச்சு. மீனுவுக்கு முன் பல்லு ரெண்டு விழுந்திருச்சு. என் கட்டில்ல தேனிப் பக்கம் இருந்து வந்த புதுப் புள்ள படுக்குதாம். சமையல்கட்டு, அந்தப் புகை, பினாயில் வாசனை, சுவத்துல நாங்க கிறுக்கினது எல்லாம் அப்படியே இருக்கு. போயி ஒவ்வொண்ணையும் தொட்டுப் பாத்தேன். எனக்கு இந்த இடம் பிடிக்காதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். பொய். பிடிக்கும், ரொம்பப் பிடிக்கும்.

மத்தியானம் ஹால்ல வரிசையா சாப்பிட உக்காந்தோம். நானும் கடைசியில தட்டோட உக்காந்தேன். சாம்பார் ஊத்தும்போது வார்டன் அம்மா உள்ள வந்தாங்க. ஆபீஸ் ரூம் கண்ணாடி உடைஞ்சிருக்கு, பந்து உள்ள கிடக்கு. "யாரு?"ன்னாங்க.

சர்ருன்னு ஒரு சத்தம். நாப்பது பேரும் எந்திரிச்சாச்சு. நானும்தான். உடம்பெல்லாம் சூடா ஒரு சந்தோஷம் வந்துச்சு. மூணு நாளா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்னு தோணுச்சு.

வார்டன் அம்மா வரிசையைப் பாத்துக்கிட்டே வந்து, என்கிட்ட வந்ததும் சிரிச்சுட்டாங்க. "நீ உக்காரு தமயந்தி. விருந்தாளியைப் போயி தோப்புக்கரணம் போடச் சொல்லுவாங்களா?"

புள்ளைங்க எல்லாம் திரும்பிப் பாத்து கொல்லுன்னு சிரிச்சுச்சுங்க. மீனுகூட. நான் உக்காந்தேன். அவங்க நாப்பது பேரும் நின்னு தோப்புக்கரணம் போட்டாங்க, நான் மட்டும் தட்டுக்கு முன்னாடி உக்காந்திருந்தேன். பத்து எண்ணி முடிக்கிற வரைக்கும் தலையை நிமித்தல. அம்மா பாசமாத்தான் சொன்னாங்க. திட்டியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது.

சமையல்கட்டுல படுத்துக்கிறதைப் பத்திக் கேக்கல. அங்க எனக்கு இடம் இல்ல, அதை யாரும் பிடுங்கிக்கல, நான் வளந்துட்டேன், அவ்வளவுதான். கிளம்பும்போது மீனு, "அடுத்த தடவை எப்ப வருவீங்க"ன்னு கேட்டா. "வருவீங்க." முன்னெல்லாம் "வருவ"ன்னுதான் சொல்லுவா. பஸ்ல ஜன்னல் பக்கம் திரும்பி நல்லா அழுதேன். எழுதியாச்சு, போதும்.

ஆகஸ்ட் 17, திங்கள்

காலையில எல்லாரும் மடிக்க உக்காந்ததும் மேனேஜர் வந்தாரு. அவர் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி, அன்னைக்கு பஸ்லயே முடிவு பண்ணி வச்சிருந்ததை நான் சொன்னேன்.

"சார், அது நான் இல்ல. பழக்கத்துல எந்திரிச்சுட்டேன்."

"பழக்கமா? என்ன பழக்கம்?"

"நான் வளந்த இடத்துல அப்படி."

ஒரு மாதிரி பாத்தாரு. "அப்ப யாரு?"

மறுபடியும் கால் துடிச்சுது. ரெண்டு கையாலயும் முழங்காலை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். "அதை நான் சொல்ல மாட்டேன் சார். ஆனா நான் இல்ல."

அப்ப பாண்டியம்மாக்கா வாயைத் திறந்தாங்க. "அந்தப் புள்ள அன்னைக்கு ஆறரைல இருந்து உருளையில நின்னுச்சு சார். பிரிக்கிற மேசைப் பக்கமே வரல."

"இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"அவளே எந்திரிச்சு நிக்கும்போது நான் என்னத்தச் சொல்ல? வேணும்னுதான் நிக்கிறான்னு நினைச்சேன்."

மேனேஜர் பதினாலு பேரையும் பாத்தாரு. "வேலையைப் பாரு. ஆனா யாருன்னு தெரியாம உன் லெட்டர்ல முதலாளி கையெழுத்துப் போட மாட்டாரு"ன்னு சொல்லிட்டு மேல போயிட்டாரு.

எல்லாரு முன்னாடியும் நான் இல்லைன்னு வாழ்க்கையில இன்னைக்குத்தான் முதல் தடவையா சொல்லியிருக்கேன். சொன்னதும் யாரும் சாகல. ஆனா நாள் பூரா வேணியைப் பாக்க முடியல, அவளும் என்னைய.

ஆகஸ்ட் 21, வெள்ளி

குழாயடியில வேணி வந்து நின்னா. தண்ணி வழியிறதைக்கூட பாக்காம கேட்டா.

"உனக்குத் தெரியும்ல?"

"என்ன தெரியும்?"

"ஏன்டி சொல்லல? உன் இடம் போயிருமே."

"எங்க வீட்டுல சொல்ல மாட்டோம்"னேன். வீடுன்னு வாய்ல வந்துருச்சு.

அவ குடத்தைத் தூக்காம அங்கயே நின்னா. நான் வந்துட்டேன்.

ஆகஸ்ட் 29, சனி

லில்லி மிஸ் லிஸ்ட்டுல அடுத்த புள்ள பேரைச் சொன்னாங்க. சிவகங்கைப் பொண்ணாம், கிளம்பத் தயாரா இருக்காம். ஞானம் என் பெட்டியை எடுத்து அவ கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கா, பெட்டி இல்லாம எப்படிப் போவன்னு. லூசு.

ஆகஸ்ட் 31, திங்கள்

இன்னைக்கு வேணி வேலைக்கு வரல. யாரைக் கேட்டாலும் தெரியலைங்கிறாங்க. பாண்டியம்மாக்காவுக்குத் தெரியும், சொல்ல மாட்டேங்கிறாங்க.

செப்டம்பர் 7, திங்கள்

லெட்டர் வந்துருச்சு. மேனேஜர் கூப்பிட்டு கையில குடுத்தாரு. "பேரு சரியா இருக்கான்னு பாத்துக்கோ"ன்னாரு. பாத்தேன், எழுத்தெல்லாம் கலங்கலா தெரிஞ்சுது. யாருன்னு தெரிஞ்சுதான்னு கேக்கலாம்னு நினைச்சேன், கேக்கல.

கீழ வந்தா என் பக்கத்துல வேணி உக்காந்திருக்கா. ஒரு வாரத்துல இளைச்சிருந்தா. பாண்டியம்மாக்காதான் மெல்ல சொன்னாங்க, போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை வேணியே தனியா மேல போயி மேனேஜர்கிட்ட ஒத்துக்கிட்டாளாம். ஒரு வாரம் வராதன்னு அனுப்பியிருக்காரு. இனிமே பிரிக்கிற மேசைப் பக்கம் போகக் கூடாதாம், மடிக்கிறது மட்டும்தான்.

பெட்ஷீட்டை அவ ஒரு முனையும் நான் ஒரு முனையும் பிடிச்சு மடிச்சோம். நாலு மடிச்ச பிறகு, என்னைய பாக்காமலே சொன்னா.

"உக்காந்தா உக்கார முடியலடி. அதான் போய் நின்னுட்டு வந்துட்டேன்."

நான் கொஞ்சம் தள்ளி உக்காந்து, அவ காலை நீட்டிக்கிறதுக்கு இடம் விட்டேன்.